உப்பை எங்கே வைப்பது என்று தெரிந்த செடி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். ஓமலூருக்கு மேற்கே, சரபங்கா ஆற்றுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இரண்டு ஏக்கர். போர்த் தண்ணீர் வருஷா வருஷம் உப்பேறிக்கொண்டே போகிறது. கோடையில் மண்ணின் மேல் வெள்ளை பூக்கிறது, சோளம்கூட முழங்கால் உயரத்தில் நின்றுவிடுகிறது. மேச்சேரி ஆடு நாற்பது உருப்படி வைத்திருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் ‘சால்ட்புஷ்’ என்ற பாலைவனச் செடியை உப்பு நிலத்தில் நட்டு ஆடு மேய்க்கும் காணொளியைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அது உப்பில் எப்படிப் பிழைக்கிறது? ஆட்டுக்குப் போடலாமா? நிலத்திலிருக்கும் உப்பை உறிஞ்சி எடுத்துவிடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் நீங்கள் பணம் போடப் பார்க்கிறீர்கள். நீங்கள் நினைக்கிற அளவுக்கு எடுக்காது. கணக்கைக் கீழே தருகிறேன். ஆட்டுக்குப் போடலாம், ஆனால் தனியாகப் போடக்கூடாது. முதல் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. சேலத்தில் முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த ஒரு செடியை வைத்தே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம் என்று எப்போதும் சொல்வேன்.

உப்பு ஏன் செடியைக் கொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வீட்டில் மாங்காயைக் கீறி உப்புப் போட்டு ஜாடியில் வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மறுநாள் திறந்தால் மாங்காய் தண்ணீரில் மிதக்கிறது, துண்டு துவண்டு கிடக்கிறது. அந்தத் தண்ணீர் மாங்காய்க்குள் இருந்ததுதான். உப்பு எங்கே கூடுதலோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். உங்கள் நிலத்தில் வேருக்கு வெளியே உப்பு கூடும்போது நடப்பதும் இதேதான். மண் ஈரமாகவே இருக்கும், செடி தாகத்தில் சாகும். மதியம் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் வாடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது கேடு மெதுவாக வருகிறது. தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போகிற சோடியம், உயிரணுவுக்குள் பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே வேலை செய்யும் நொதிகள் முடங்கிப்போகின்றன. உப்பு ஏறிய தோட்டத்தில் மாமரத்தின் இலையைப் பாருங்கள். நுனியிலிருந்து தொடங்கி ஓரமாகப் பழுப்பு நிறத்தில் கருகிக்கொண்டு வரும், நடு இலை பச்சையாகவே இருக்கும். தண்ணீர் ஆவியாகும் கடைசி இடம் அந்த ஓரம். உப்பு அங்கே வந்து தங்கிவிடுகிறது, போக வழியில்லை.

சரி, சால்ட்புஷ்ஷுக்கு வருவோம். அட்ரிப்ளெக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பல செடிகளுக்கு இந்தப் பெயர் உண்டு. நீங்கள் பார்த்தது ‘ஓல்ட் மேன் சால்ட்புஷ்’ என்ற இனமாகத்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் தானாக வளர்வது, பத்தடி உயரம்வரை போகும், சாம்பல் பூசினாற்போன்ற இலை. அதன் அறிவியல் பெயரில் வரும் நும்முலாரியா என்ற சொல்லுக்குச் சிறு காசு போன்றது என்று அர்த்தம், இலை வட்டமாகக் காசு போல இருப்பதால். தூரத்து நாட்டுச் செடி என்று நினைக்க வேண்டாம். இது நம் கீரைக் குடும்பம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை, பாலக், பீட்ரூட் எல்லாம் இதன் பங்காளிகள்.

இந்தச் செடி மண்ணைவிடத் தன்னையே அதிக உப்பாக்கிக்கொள்கிறது. மாங்காய் ஜாடியைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளியே எவ்வளவு உப்பிருந்தாலும் உள்ளே அதைவிடக் கூடுதலாக இருந்தால் தண்ணீர் உள்ளேதானே வரும்? ஆனால் அவ்வளவு உப்பை உள்ளே விட்டால் நொதிகள் சாக வேண்டுமே. இந்தச் செடியின் நொதிகள் பிறவியிலேயே உப்பைத் தாங்கும் வகையோ என்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1972இல் கிரீன்வே, ஆஸ்மண்ட் என்ற இருவர் அட்ரிப்ளெக்ஸ் இனம் ஒன்றிலிருந்தும் பீன்ஸ் செடியிலிருந்தும் நொதிகளைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குழாயில் உப்போடு சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டுமே ஒரே மாதிரி முடங்கின. அதாவது உப்புச்செடி உள்ளுக்குள் பீன்ஸைவிட உரமானதல்ல. உப்பை அது தாங்கவில்லை, வேலை நடக்கும் இடத்துக்கு வரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே புதிதாகக் கேட்பது போல இருக்கும்.

வீட்டில் பூச்சிமருந்தை அடுப்பங்கரையில் வைக்க மாட்டோம், பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிடுவோம். உயிரணுவுக்குள்ளும் அப்படி ஒரு பின்கட்டு இருக்கிறது, அதற்கு நுண்குமிழ் என்று பெயர். முதிர்ந்த உயிரணுவில் பெரும்பங்கு இடம் அதுதான். சவ்வில் இருக்கும் புரத வாசல்கள் சோடியத்தைப் பிடித்து அதற்குள் தள்ளுகின்றன. சும்மா தள்ள முடியாது, அதற்குச் செடி தன் சக்தியைச் செலவழிக்கிறது. குமிழுக்குள் உப்பு ஏறிவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். வெளியே நொதிகள் இருக்கும் திரவத்திலிருந்து தண்ணீரைக் குமிழ் இழுக்கப் பார்க்கும். அதைச் சமன் செய்ய, நொதிகளுக்குக் கெடுதல் செய்யாத ஒரு பொருளைச் செடி தயாரித்து அந்தத் திரவத்தில் நிரப்பிக்கொள்கிறது. அதன் பெயர் கிளைசின் பீட்டெய்ன். பீட் கிழங்கில் முதலில் கண்டதால் வந்த பெயர்.

மாணவர்களோடு இதைச் சின்ன அளவில் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் உப்பு. பதினைந்து நாள் வயதான பாசிப்பயறு நாற்றுக்கும் பீட்ரூட் நாற்றுக்கும் அதையே ஊற்றி வந்தோம். பயறு ஒரு வாரத்தில் ஓரம் கருகத் தொடங்கியது, அப்புறம் எழவே இல்லை. பீட்ரூட் எதுவும் நடக்காதது போல இலை விட்டுக்கொண்டிருந்தது. கீரைக் குடும்பத்து ரத்தம் அது.

இனி இலையைப் பார்ப்போம். இதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டாம், சந்தைக்குப் போய் ஒரு கட்டு சக்கரவர்த்திக் கீரை வாங்கி வாருங்கள். கொழுந்து இலையின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் மாவு போல வெள்ளையாக ஒட்டும். தூசி என்று கழுவிவிடுகிறோம். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில், வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வரிசை வரிசையாகக் கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றும் மெல்லிய காம்பின் மேல் ஊதிவிட்ட பலூன் போல நிற்கும். விரல் பட்டால் உடைந்து ஈரம் தெரியும். சால்ட்புஷ் இலையைப் போர்த்தியிருக்கும் சாம்பல் நிறம் இதே பலூன்கள்தான், இரண்டு பக்கமும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி. கூடுதல் உப்பை இலை அந்தக் காம்பு வழியாக மேலே ஏற்றிப் பலூனில் நிரப்புகிறது. நிரம்பியது ஒரு நாள் உடைந்து காய்ந்து உப்புப் படலமாக இலையின் மேல் படிகிறது. குறிப்பாக இளம் இலைகளுக்கு இது பெரிய காப்பு. வளர்ந்துகொண்டிருக்கும் உயிரணுக்களில் உப்பை அடைக்க இன்னும் போதிய பின்கட்டு இருக்காதல்லவா? அந்தப் படலமும் வீணாவதில்லை. சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடி மாதிரி, வெயிலைத் திருப்பி அனுப்பி இலையைச் சூடேறாமல் வைக்கிறது.

வெயில் என்றதும் இதன் அமெரிக்கச் சொந்தம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் ‘டெசர்ட் ஹாலி’ என்ற அட்ரிப்ளெக்ஸ் வருஷம் முழுக்க இலையோடு நிற்கிறது. இலைகளைத் தரைக்கு 70 டிகிரி அளவில் செங்குத்தாகத் தூக்கி வைத்திருக்கும். உச்சிவெயில் இலையின் விளிம்பில் பட்டு வழுக்கிப் போய்விடும், காலை மாலை இளவெயில் முழுசாக முகத்தில் விழும். குளிர்காலத்தில் இலை கொஞ்சம் பச்சையாக இருக்கும், கோடையில் தண்ணீர் குறைந்து உப்பு கூடி வெள்ளி மாதிரி ஆகிவிடும்.

சோடியத்தைப் பற்றி இன்னொன்று. எல்லாச் செடிக்கும் விஷம் என்று நாம் நினைக்கிற இது, இவற்றுக்கு உணவு. 1957இல் பிரவுனெல், வுட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அட்ரிப்ளெக்ஸ் இனம் ஒன்றைச் சோடியம் கலக்காதபடி சுத்தம் செய்த தண்ணீரிலும் சத்துக் கரைசலிலும் வளர்த்தார்கள். செடி வெளுத்தது, கருகத் தொடங்கியது. மிகக் கொஞ்சம் சோடியம் சேர்த்ததும் தேறிவிட்டது. அதற்கான காரணம் பின்னால்தான் விளங்கியது. கரும்பு, சோளம், கம்பு, ராகி மாதிரி இந்த இனமும் சி4 முறையில் உணவு தயாரிக்கிறது. இலைத்துளையை அதிகம் திறக்காமலே காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, உள்ளே ஒரு தனி வளையத்தில் சேர்த்துவைத்துச் சமைக்கும் முறை அது. குறைந்த தண்ணீரில் கூடுதல் விளைச்சல். அந்த ஓட்டத்துக்குத் துளி சோடியம் தேவைப்படுகிறது. ஓல்ட் மேன் சால்ட்புஷ் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் செழிப்பாக வளர்வதும் உண்மை. கடல் தண்ணீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால்கூட அதற்கு அது சங்கடமில்லை.

விதையிலும் ஒரு யோசனை இருக்கிறது. விதையை மூடியிருக்கும் இரண்டு சிறு இலைகளில் உப்பு நிரம்பியிருக்கும். அது கரைந்து போகும்வரை விதை முளைக்காது. லேசான தூறலுக்கு ஏமாறாது, மண் நன்றாக நனைகிற மழை வந்து உப்பைக் கழுவினால்தான் கண் திறக்கும். நீங்கள் விதை வாங்கி நடுவதாக இருந்தால் முதலில் தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசிவிட்டு நடுங்கள். தண்டு வெட்டி வைத்தாலும் வேர் பிடிக்கும்.

இப்போது ஆடு. இலையில் புரதம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் காய்ந்த எடையில் 20 முதல் 30 சதவீதம், எரித்தால் மிஞ்சும் சாம்பல், பெரும்பாலும் உப்பு. அமெரிக்கப் பாலைவனத்தில் இந்த இலையைத் தின்று வாழும் கங்காரு எலி ஒன்று இருக்கிறது. அது இலையை முன்னங்கையில் பிடித்து, தட்டையான கீழ்ப்பல்லால் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, உப்பு குறைந்த நடுப்பகுதியை மட்டும் தின்கிறது. நம் ஆட்டுக்கு அந்த வித்தை தெரியாது. உப்பு முழுவதும் வயிற்றுக்குள் போகும், அதைச் சிறுநீரில் வெளியேற்ற நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உங்கள் போர்த் தண்ணீரையே தொட்டியில் வைத்தால் உப்புக்கு மேல் உப்பு. தவிர, அந்தப் புரதத்தில் ஒரு பகுதி வேறு வடிவத்தில் இருக்கும் நைட்ரஜன்தான். அதை ஆடு பயன்படுத்திக்கொள்ள மாவுச்சத்து வேண்டும். இந்த இலையை மட்டும் தின்ற ஆடு இளைத்துப்போகும். சோளத்தட்டு, கடலைக்கொடியோடு கலந்து, மொத்தத் தீவனத்தில் ஒரு சின்னப் பங்காகக் கொடுத்தால் கோடைக்குக் கை கொடுக்கும். பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். நாற்பது உருப்படிக்கும் ஒரேயடியாகப் போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்க் கேளுங்கள்.

உப்பை உறிஞ்சுமா என்ற கணக்கு. ஏக்கருக்கு வருஷம் 2 டன் காய்ந்த தழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு சாம்பல், அது முழுவதும் உப்பு என்றே எடுத்துக்கொண்டாலும் 500 கிலோ. உங்கள் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வையுங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கப் பாய்ச்சினால் ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 200 கிலோ உப்பு. மூன்று பாய்ச்சலில் செடி வருஷம் முழுக்க எடுத்ததைவிடக் கூடுதலாக நீங்களே நிலத்தில் கொட்டிவிடுகிறீர்கள். ஆட்டை அங்கேயே மேயவிட்டால் தின்ற உப்பும் அங்கேயே திரும்பி விழும். இந்தச் செடி வேறு ஓர் உதவி செய்யும். ஆழமாக வேர் விட்டு அடி ஈரத்தைக் குடிக்கும், மண்ணுக்கு நிழல் தரும். அதனால் ஈரம் மேலே ஏறி ஆவியாகி வெள்ளை பூப்பது குறையும்.

நம் நிலத்தின் கதை ஆஸ்திரேலியாவின் கதையல்ல என்பதையும் பாருங்கள். அந்தச் செடியின் சொந்த ஊரில் பல இடங்களில் வருஷத்துக்கு 200, 300 மில்லிமீட்டர்தான் மழை. நம் ஊரில் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் பெய்கிறது, சேர்வராயன் மலை உச்சியில் 1500ஐத் தொடும். ஏற்காட்டுக்கு ஏறும்போது அடிவாரத்தில் முள்ளும் சிற்றிலையுமாக இருந்தது, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் காப்பித் தோட்டத்தின் கரும்பச்சை அகல இலையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெய்யும் மழை பாறையைக் கரைத்து, சோடியம், கால்சியம் எல்லாவற்றையும் கீழே கொண்டுவருகிறது. வடிகால் உள்ள இடத்தில் அது ஆற்றோடு போய்விடும். தாழ்வான, வடியாத இடத்தில் தங்கிவிடும். ஆகவே உங்களுக்கு மழை பஞ்சமில்லை தம்பி, வடிகால்தான் பஞ்சம். மழை இருக்கும் ஊரில் உப்பைக் கழுவ முடியும், அது ஆஸ்திரேலியாவின் அந்தப் பாலைவனத்துக்குக் கிடைக்காத வசதி.

ஆனால் கழுவுவதற்கு முன்னால் உங்களுடையது உவர் நிலமா, களர் நிலமா என்று தெரிய வேண்டும். ஊர்ப்பேச்சில் இரண்டையும் உவர் என்றே சொல்லிவிடுகிறோம். நான் சின்னப் பையனாக இருக்கும்போது சலவை செய்பவர்கள் மாசி பங்குனியில் விடியற்காலை ஏரிக்கரைப் பக்கம் போய் உவர்மண் சுரண்டிக்கொண்டு வருவார்கள், வெள்ளாவிக்கு. அழுக்கை எடுத்தது அதிலிருந்த சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. மண் ஆய்வுக்காரர்கள் கணக்கில் அந்த மண் களர். கரையும் உப்பு மிகுந்து, மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸைத் தாண்டினால் உவர். கார அமிலத்தன்மை (pH) 8.5க்கு மேல், மண்துகளில் சோடியம் ஒட்டியிருந்தால் களர். உவர் நிலத்தை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். களரை வெறுமனே கழுவினால் துகள்கள் இன்னும் பிரிந்து இறுகிக்கொள்ளும். முதலில் ஜிப்சம் போட்டு, அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்ட பிறகு மழைநீரைத் தேக்கி வடிக்க வேண்டும். அப்புறம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழ வேண்டும். திருச்சி வேளாண் கல்லூரி களர் நிலத்திலேயே அமைந்தது, அங்கே இதற்கென்று டிஆர்ஒய் நெல் ரகங்களே வெளியிட்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி மண், முக்கால் பாட்டில் மழைத்தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் பெரும்பாலும் உவர். டீ மாதிரி கலங்கலாகவே நின்றால் களர். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டுப் பாருங்கள், செம்பழுப்பாகத் திரும்பினால் காரம் அதிகம், குங்குமம் செய்யும்போது சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பது போல. தோண்டும்போது சுக்கான் கல் நிறைய வருகிறதா என்றும் கவனியுங்கள்.

சால்ட்புஷ்ஷை முழு நிலத்திலும் நட வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேலிக்கருவேல் நம் ஏரிகளை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்தச் செடியையும் தீவனத்துக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், இன்று அங்கே அது கட்டுப்பாட்டோடு வளர்க்க வேண்டிய அயல் செடி. ஆண் செடி, பெண் செடி பெரும்பாலும் தனித்தனி என்பதால், நடுவதாக இருந்தால் ஆண் செடியிலிருந்து வெட்டிய தண்டாகப் பார்த்து, மிக மோசமான மூலையில் பத்துச் செடி வையுங்கள். விதை விழுந்து பரவும் வாய்ப்பு குறையும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, உப்பில் சாகாத செடி அங்கே அழுகிவிடும். அதற்குப் பக்கத்திலேயே மேட்டுப் பாத்தியில் கொழுக்கட்டைப் புல்லும் விதையுங்கள். அது நம் ஊர்ப் புல், மேச்சேரி ஆட்டுக்குப் பழகிய புல், இரண்டில் எது தங்குகிறது என்று ஒரு வருஷம் பார்க்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால், கோடை மழை தொடங்குவதற்குள் மண் எடுத்துவிடுங்கள். மேலே பூத்திருக்கும் வெள்ளையை மட்டும் சுரண்டி ஒரு பை. அப்புறம் அதே இடத்தில் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனியாக மூன்று பை. பயிர் ஓரளவு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் இதே மாதிரி. போர்த் தண்ணீரை மோட்டார் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். முடிவு வந்ததும் அந்த எண்களை அப்படியே எனக்கு எழுதுங்கள், ஜிப்சம் எத்தனை மூட்டை என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.